ஒரே ‘திற’வுக்குள் ஐந்து வினைகள்: இரண்டு வயதில் வினைச்சொல் எப்படிப் பிடிபடுகிறது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். மகனுக்கு 2 வயது 2 மாதம். பால், பந்து, காக்கா, செருப்பு என்று ஐம்பது அறுபது பெயர்கள் சொல்கிறான். வினை என்று பார்த்தால் வா, போ, தா, திற ஆகிய நான்குதான். அதிலும் ‘திற’ படாத பாடு படுகிறது. ஆரஞ்சை நீட்டி ‘திற’, சாக்ஸை இழுத்து ‘திற’, பிஸ்கட் பாக்கெட்டுக்கு ‘திற’, ஃபேன் சுவிட்சைக் காட்டியும் ‘திற’. பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா கன்னடம் பேசுகிறார். அம்மா அப்பா பேசுவது ஆங்கிலம் கலந்த தமிழ். மொழிகள் கலந்து குழம்பிவிட்டானா? செயல்படங்கள் உள்ள அட்டையோ வீடியோவோ வாங்கிக் காட்டலாமா?

குழம்பவில்லை. அட்டையும் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காரணம் புரிந்தால் வீட்டில் செய்ய வேண்டியது தானாக விளங்கும்.

பாட்டி ஒரு ஆரஞ்சை எடுக்கிறார். நகத்தால் கீறுகிறார், தோலை உரிக்கிறார், சுளையைப் பிரிக்கிறார், கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையிடம் நீட்டுகிறார். எல்லாம் முப்பது விநாடி. நடுவில் எங்கேயோ ‘உரிக்கிறேன்’ என்ற சொல் காதில் விழுகிறது. அது கீறியதற்கா, தோல் போனதற்கா, நீட்டியதற்கா, ஆரஞ்சு தின்பதற்கே மொத்தப் பெயரா? ‘ஆரஞ்சு’ என்ற சொல்லுக்கு இந்தத் திண்டாட்டம் கிடையாது. பழம் கையில் இருக்கிறது, உருண்டையாக, தனியாக. டெட்ரே கென்ட்னர் என்ற உளவியலாளர் 1982இல் சொன்னதன் சாரம் இதுதான்: பொருளை உலகமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது, செயலை எந்த இடத்தில் வெட்டுவது என்பதை ஒவ்வொரு மொழியும் தானாக முடிவுசெய்கிறது. அதனால்தான் பெயர் முந்துகிறது, வினை பிந்துகிறது.

குழந்தையின் அறிவு முதிராததால்தான் இப்படி என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல என்று காட்ட 1999இல் லைலா கிளைட்மன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். தாயும் குழந்தையும் விளையாடும் வீடியோவை ஒலி இல்லாமல் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டினார்கள். தாய் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொன்ன நொடியில் ‘பீப்’ ஒலி மட்டும் கேட்கும். அது என்ன சொல் என்று ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆறு காட்சிகள். பெயர்ச்சொற்களில் 45 சதவீதம் சரியாக வந்தது. வினைச்சொற்களில் 15 சதவீதம்தான். ‘நினை’, ‘தெரியும்’ போன்ற மனத்துக்குள் நடக்கும் வினைகளைக் காட்சியை மட்டும் பார்த்துப் பிடிக்கவே முடியவில்லை. வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. வேறொரு குழுவினருக்குக் காட்சியோடு தாய் சொன்ன வாக்கியத்தின் அமைப்பையும் கொடுத்தபோது, பத்தில் ஒன்பது வினைகளைச் சரியாகச் சொன்னார்கள்.

ஆக, வினையின் பொருள் காட்சியில் பாதிதான் கிடைக்கிறது. மீதி அது வரும் வாக்கியத்தில் இருக்கிறது. அட்டையில் ஓடும் பையனின் படத்தைக் காட்டினால் இரண்டு வயதுக் குழந்தை ‘அண்ணா’ என்றுதான் சொல்லும். படத்தில் நிற்பது அண்ணன்தானே.

இப்போது ‘திற’வுக்கு வருவோம். உங்கள் மகன் அதைக் கண்டபடி வீசவில்லை. மூடிக்கிடப்பதைப் பிரித்தால் உள்ளே இருப்பது கிடைக்கும் என்ற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மெலிஸா பவர்மன் என்ற ஆய்வாளர் தன் மகள் ஆங்கிலத்தில் ‘ஓபன்’ என்ற சொல்லை இதே மாதிரி பயன்படுத்தியதைப் பதிவுசெய்திருக்கிறார். ஒட்டியிருக்கும் இரண்டைப் பிரிப்பதெல்லாம் அவளுக்கு ‘ஓபன்’தான். இந்த வயதில் குழந்தைகள் நன்றாகத் தெரிந்த ஒரு வினையை, சொல் இல்லாத இடங்களுக்கெல்லாம் நீட்டிக்கொள்கிறார்கள். சரியான சொல் வந்து சேரும்போது அந்த நீட்சி தானாகச் சுருங்குகிறது.

சரியான சொற்கள் தமிழில் தாராளம். கதவும் டப்பாவும் வாயும் திறக்கும். ஆரஞ்சு, வாழைப்பழம், பூண்டு, வேகவைத்த முட்டை இவற்றை உரிக்கிறோம். கையோடு தோல் வராத உருளைக்கிழங்கையும் மாங்காயையும் சீவுகிறோம். சாக்ஸ், சட்டை, பொம்மைக் காரின் சக்கரம் ஆகியவற்றைக் கழற்றுகிறோம். பாக்கெட்டைப் பிரிக்கிறோம். முடிச்சை அவிழ்க்கிறோம். விளக்கையும் ஃபேனையும் போடுகிறோம். உங்கள் மகனுடைய ஒரு ‘திற’ இருக்கும் இடத்தில் திற, உரி, கழற்று, பிரி, போடு என ஐந்து வினைகள் இருக்க வேண்டும். இந்தக் கோடுகள் இயற்கையில் போடப்பட்டவை அல்ல, தமிழ் போட்டுவைத்தவை. வெட்டுவது, உடைப்பது, கிழிப்பது ஆகிய செயல்களை 28 மொழிகளில் ஒப்பிட்டது நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம். எந்த இடத்தில் ஒரு வினை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது மொழிக்கு மொழி மாறியது. அந்த ஆய்வில் தமிழையும் இந்தியையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் புவனா நரசிம்மன் (2007).

கன்னடத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். ‘பாகிலு தெகெ’ என்றால் கதவைத் திற. ‘பாயி தெகெ’ என்றால் வாயைத் திற. பையிலிருந்து எதையாவது வெளியே எடுப்பதற்கும் ‘தெகெ’, போட்டிருப்பதை அகற்றுவதற்கும் ‘தெகெ’. தமிழில் திற, எடு, கழற்று என்று மூன்றாகப் பிரிந்து நிற்பதைக் கன்னடம் ஒரே வினையில் அடக்கிக்கொள்கிறது. பகல் முழுக்க ‘தெகெ’ கேட்கும் குழந்தை மாலையில் ‘திற’வை அந்த அகலத்துக்கு இழுத்தால் ஆச்சரியமில்லை. ‘ஹாகு’வும் அப்படித்தான். சட்டை போடுவதற்கு ‘ஹாகு’, தண்ணீர் ஊற்றுவதற்கும் ‘ஹாகு’, கதவைச் சாத்துவதற்கும் ‘பாகிலு ஹாகு’. நாளைக்கே உங்கள் மகன் கதவைக் காட்டிப் ‘போடு’ என்றால், சாத்தச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்காக அந்த அக்காவை அரைகுறைத் தமிழில் பேசச் சொல்லாதீர்கள். சரளமாக, முழு வாக்கியத்தில், அவருடைய சொந்த வினைகளோடு வரும் கன்னடம் குழந்தைக்குச் சத்தான உணவு. தடுமாறி வரும் தமிழில் வினையே குறைந்துபோகும். இரண்டு மொழியையும் குழந்தை தனித்தனியாகவே வைத்துக்கொள்ளும். பல வினைகளில் அவனுக்கு ஒரு உதவியும் உண்டு: தமிழில் ப-வில் தொடங்குவது கன்னடத்தில் ஹ-வில் தொடங்கும். பிடி–ஹிடி, பாடு–ஹாடு, போ–ஹோகு.

அடுத்தது வாக்கியம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு லெட்டீஷியா நெய்கில்ஸ் 1990இல் செய்தது. இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு காட்சி: வாத்து ஒரு கையால் முயலை அழுத்திக் குந்தவைக்கிறது, அதே நேரம் இரண்டும் தங்கள் மற்றக் கையைச் சுழற்றுகின்றன. கூடவே அர்த்தமே இல்லாத ஒரு புது வினையை ஆங்கில வாக்கியத்தில் வைத்துச் சொன்னார்கள். பாதிக் குழந்தைகள் கேட்டது ‘வாத்து முயலை இன்னது செய்கிறது’ என்ற அமைப்பு. மறுபாதி கேட்டது ‘வாத்தும் முயலும் இன்னது செய்கின்றன’ என்ற அமைப்பு. பிறகு இரண்டு செயல்களையும் இரண்டு திரையில் தனித்தனியாகக் காட்டியபோது, முதல் வகையினர் அழுத்துவதை அதிகம் பார்த்தார்கள். இரண்டாம் வகையினர் கை சுழற்றுவதை. காட்சி ஒன்றுதான். வாக்கியம் மாறியதும் வினையின் பொருள் மாறிவிட்டது. சரியாக வாக்கியம் பேசத் தொடங்காத வயதிலேயே!

நம்மூர் மொழியில் செய்யப்பட்ட ஆய்வும் உண்டு. கன்னடத்தில் ஒருவரைச் செய்யவைப்பதைக் காட்ட ‘இசு’ என்ற ஒட்டு இருக்கிறது: மலகு (படு), மலகிசு (படுக்க வை). மிகவும் நம்பகமான அடையாளம். ஜெஃப்ரி லிட்ஸும் கிளைட்மன் தம்பதியரும் கன்னடம் பேசும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் வாக்கியத்தைச் சொல்லி, பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். 2003இல் வெளியான முடிவு: ‘இசு’ இருக்கிறதா என்று குழந்தைகள் பெரிதாகக் கவனிக்கவில்லை. வாக்கியத்தில் ஒரு பெயர் இருக்கிறதா, இரண்டு பெயர் இருக்கிறதா என்பதைத்தான் எண்ணினார்கள். இரண்டு இருந்தால், ஒருவர் இன்னொருவரைச் செய்யவைக்கிறார் என்று பொருள்கொண்டார்கள்.

தமிழ் வீட்டுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது நினைவிருக்கும். பேச்சில் அது ஒரே ஒரு ஒலியில் தொங்குகிறது. உடைஞ்சுது – உடைச்சான். கிழிஞ்சுது – கிழிச்சான். நனைஞ்சுது – நனைச்சான். இறங்கு – இறக்கு. திரும்பு – திருப்பு. மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறினால் தானாக நடந்தது போய் யாரோ செய்ததாகிவிடுகிறது. இந்த நுணுக்கம் குழந்தைக்குப் பிறகு நன்றாகவே வசப்படும். ஆனால் ஆரம்பத்தில் அவன் சார்ந்திருப்பது பெயர்களின் எண்ணிக்கையை. நாமோ பேச்சுத் தமிழில் பெயர்களை விழுங்கிவிடுகிறோம். ‘உடைச்சுட்டான் பாரு!’ என்கிறோம். யார், எதை என்று இரண்டுமே இல்லை.

எனவே புது வினை ஒன்றை அறிமுகம் செய்யும் நாட்களில் மட்டுமாவது பெயர்களை விழுங்காதீர்கள். ‘தம்பி டம்ளரை உடைச்சுட்டான்’, அடுத்த மூச்சில் ‘டம்ளர் உடைஞ்சுபோச்சு’. முன்னதில் இரண்டு பெயர், பின்னதில் ஒன்று. ‘டம்ளரை’ என்பதில் உள்ள அந்த ‘ஐ’யையும் விடாமல் உச்சரியுங்கள். துருக்கி மொழியும் தமிழைப் போலவே பெயர்களை விட்டுவிட்டுப் பேசக்கூடியது, அதிலும் ‘ஐ’க்கு நிகரான உருபு உண்டு. அந்த உருபு ஒட்டியிருந்தபோது, ஒன்று இன்னொன்றைச் செய்யவைக்கிறது என்று அங்குள்ள குழந்தைகள் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் (2008). பெயரை விடுவது நம் மொழிக்கு ஒரு நன்மையும் செய்கிறது: வாக்கியத்தில் வினை தனித்து, அதுவும் கடைசியில், காதில் பளிச்சென்று விழுகிறது. பெயரை நிறைய விட்டுப் பேசும் மாண்டரின் சீனத்தில் குழந்தைகளின் முதல் சொற்களில் வினைகள் தாராளமாக இருப்பதை ட்வைலா டார்டிஃப் 1996இல் காட்டினார். பெயரோடு ஒருமுறை, பெயரில்லாமல் ஒருமுறை என்று இரண்டும் கிடைக்கட்டும்.

எப்போது சொல்வது? பெயர்ச்சொல்லைப் பொருள் கண்ணெதிரே இருக்கும்போது சொன்னால் போதும். வினையைச் செயல் நடந்துகொண்டிருக்கும்போது சொன்னால் பாதி வீண், ஏனென்றால் குழந்தை அந்த நேரத்தில் செயலிலேயே மூழ்கியிருக்கும். மைக்கேல் டோமசெல்லோவும் ஆன் க்ரூகரும் 1992இல் கண்டது: செயல் நடக்கப்போகும் தறுவாயில் சொல்லப்படும் வினைதான் நன்றாகப் பதிகிறது.

ஆரஞ்சைக் குழந்தையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நகத்தைத் தோலில் வையுங்கள், ஆனால் கீறாதீர்கள். ‘ஆரஞ்சை உரிக்கலாமா?’ என்று கேட்டுவிட்டு இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். அவன் கண் பழத்திலிருந்து உங்கள் முகத்துக்கு வந்து திரும்பப் பழத்துக்குப் போகும். அப்போது உரியுங்கள், பேசாமல். தோல் முழுக்க வந்ததும் அதைக் கையில் தூக்கிக் காட்டி, ‘உரிச்சாச்சு!’ என்று சொல்லுங்கள். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, நடுவில் மௌனம். முன்னால் சொன்னது செயலைக் காட்டுகிறது, பின்னால் சொன்னது விளைவைக் காட்டுகிறது. உரி என்ற வினைக்குத் தோல் பிரிந்துபோவது உயிர்நாடி. பழத்தை எத்தனை நேரம் தேய்த்தாலும் அது உரிப்பதாகாது. விளைவைக் குழந்தைகள் தவறவிடுவதைக் கென்ட்னர் 1978இலேயே காட்டியிருக்கிறார். கிண்டுவது என்பது கையசைவு, கலப்பது என்பது விளைவு. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள்கூட, உள்ளே இருப்பது கலந்ததா இல்லையா என்று பாராமல், கையசைவை வைத்தே ‘கலப்பது’ என்று சொன்னார்கள். ஊற்று, நிரப்பு என்ற இணையிலும் இதே சிக்கல் வரும். டம்ளர் பாதிதான் நிறைந்திருக்கும்போது நிறுத்தி, ‘இன்னும் நிரம்பல’ என்று சொல்லி, விளிம்புவரை ஊற்றி ‘நிரம்பிருச்சு’ என்று காட்டுவது அரை நிமிட வேலை.

எத்தனை முறை என்று கேட்பீர்கள். முறையைவிட நாள் முக்கியம். சில்டர்ஸும் டோமசெல்லோவும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதுச் சொற்கள் கற்பித்தபோது (2002), ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கேட்டதைவிட வெவ்வேறு நாட்களில் பிரிந்து கேட்ட சொற்களையே அவர்கள் கூடுதலாகத் தாங்களே சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று வினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நாளுக்கு நான்கைந்து தடவை வாக்கியத்தில் வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து முப்பது தடவை சொல்வதில் பயனில்லை. முதல் சில நாள் ஒரே ஆள், ஒரே பொருள்: அம்மா ஆரஞ்சு உரிக்கிறார், அவ்வளவுதான். தொடக்கத்தில் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் வினையைப் பொதுமைப்படுத்துவது கடினமாகிறது என்று 2008இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. பதிந்த பிறகு மாற்றுங்கள். அப்பா பூண்டு உரிக்கட்டும், பாட்டி முட்டை உரிக்கட்டும், பிறகு அவனே வாழைப்பழம் உரிக்கட்டும். இந்த இரண்டாம் கட்டம் கட்டாயம் வேண்டும். ஜப்பானில் முட்ஸுமி இமாயின் ஆய்வில் (2005), மூன்று வயதுக் குழந்தைகள் புது வினையை அது நடந்த பொருளோடு சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். பொருள் மாறியதும் அதே செயலுக்கு அந்த வினையைப் பொருத்தத் தடுமாறினார்கள்.

இமாயின் இன்னொரு ஆய்வு (2008) நமக்கு அல்வா மாதிரி. நடையின் விதத்தை ஒலியிலேயே காட்டும் வினைகளை ஜப்பானிய மூன்று வயதுக் குழந்தைகள் எளிதாகக் கற்றார்கள், வேறு ஆள் அதேபோல நடந்தபோதும் சரியாகப் பொருத்தினார்கள். தமிழில் இது வண்டி வண்டியாகக் கிடக்கிறது. குடுகுடுன்னு ஓடு, தொபுக்குன்னு விழு, மொறுமொறுன்னு மெல்லு, சொட்டுச்சொட்டா வடியுது. குழந்தைத்தனமான பேச்சு என்று ஒதுக்காதீர்கள். வினை எந்த அசைவைச் சொல்கிறது என்பதை அந்த ஒலி விரல்நீட்டிக் காட்டுகிறது.

இனி நம் வீடுகளின் உண்மையான பிரச்சினை. அது கன்னடமும் அல்ல, ஆங்கிலமும் அல்ல, ‘பண்ணு’தான். ஓபன் பண்ணு, கட் பண்ணு, பீல் பண்ணு, மிக்ஸ் பண்ணு, ரிமூவ் பண்ணு. இதில் இலக்கணம் கெடவில்லை. ‘ஓபன் ஆச்சு’, ‘ஓபன் பண்ணினான்’ என்று தன்வினை பிறவினை வேறுபாடுகூட ஒழுங்காக வருகிறது. இழப்பு வேறு இடத்தில். காய்கறிக்கு நறுக்கு, கீரைக்கு அரி, மரத்துக்கு வெட்டு, துணிக்குக் கத்தரி, பென்சிலுக்குச் சீவு, காம்புக்குக் கிள்ளு, இட்லிக்குப் பிய் என்று கருவியும் கையும் பொருளும் சேர்ந்து உண்டாக்கிய ஏழு வினைகள் ‘கட் பண்ணு’ என்ற ஒன்றுக்குள் போய்விடுகின்றன. குழந்தை கேட்கும் வாக்கியத்தின் கடைசியில், காது கூர்மையாக இருக்கும் அந்த இடத்தில், எப்போதும் பொருளற்ற ‘பண்ணு’வே வந்து உட்காருகிறது. ஆங்கிலத்தை ஆங்கில வாக்கியமாகப் பேசுங்கள், ஒரு குறையும் இல்லை. தமிழ் பேசும்போது வினையைத் தமிழில் வையுங்கள். எல்லா நேரமும் முடியாது. காலையில் எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டிய வீட்டில் சொல் தேட நேரமிருக்காது. குளியல், உடுப்பு மாற்றுவது, மாலையில் சமையல்கட்டில் இருபது நிமிடம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் ‘பண்ணு’ இல்லாமல் பேசிப் பாருங்கள். அந்த மூன்றிலேயே நூறு வினைக்குக் குறையாது.

பெங்களூருக்காரர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் ஒரு வாய்ப்பு வாசலுக்கே வருகிறது. அவரைக்காய் மலிந்து கிடக்கும் நேரம். காயை உரிக்கிறோம், பருப்பை இரவு ஊற வைக்கிறோம், காலையில் தண்ணீரை வடிக்கிறோம், பிறகு ஒவ்வொன்றாகப் பிதுக்குகிறோம். ஊறிய பருப்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்தினால், தோல் விரலிலேயே தங்க, உள்ளிருப்பது வழுக்கிக்கொண்டு துள்ளி விழும். உரிப்பதற்கும் பிதுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த அட்டையும் காட்டாது. அந்த விரல் வழுக்கல் காட்டிவிடும். அக்கா அதையே ‘ஹிதுகு’ என்பார். அதே வினைதான், ப போய் ஹ வந்திருக்கிறது. ஒரு கண்டிப்பு: இந்த வயதுக் குழந்தை பருப்பை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும், தொண்டையில் அடைக்கும். கிண்ணம் உங்கள் மடியில் இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒரு பருப்பு மட்டும் அவன் கையில் கொடுங்கள், எழுந்து போக வேண்டியிருந்தால் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வீடியோ பற்றிக் கேட்டீர்கள். சாரா ரோஸ்பெரி குழுவினர் 2009இல் சோதித்ததில், மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் திரையை மட்டும் பார்த்துப் புது வினையைக் கற்கவில்லை. ஆள் ஒருவர் கூடவே செய்துகாட்டியபோது கற்றார்கள். 2014இல் அவர்களே செய்த தொடர் ஆய்வு வெளியூரில் பாட்டி தாத்தா இருக்கும் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும். 24 முதல் 30 மாதக் குழந்தைகள் நேரலை வீடியோ அழைப்பில் வினைகளைக் கற்றார்கள், முன்கூட்டிப் பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. வேறுபாடு திரையில் இல்லை. மறுமுனையில் இருப்பவர் குழந்தையின் பார்வைக்கும் பேச்சுக்கும் உடனே பதில் தருகிறாரா என்பதில் இருக்கிறது. எனவே சேலத்துப் பாட்டியிடம் ‘பாட்டிக்கு டாட்டா சொல்லு’ என்பதோடு போனை வைக்காதீர்கள். அவர் அங்கே ஒரு வாழைப்பழத்தை எடுத்து ‘உரிக்கட்டுமா?’ என்று கேட்டு நிறுத்தட்டும், இவன் ‘ம்’ சொன்ன பிறகு உரிக்கட்டும்.

அவன் ‘திற’ என்று ஆரஞ்சை நீட்டும்போது ‘தப்பு, உரின்னு சொல்லு’ என்று திருத்த வேண்டாம். ‘உரிக்கணுமா? சரி, ஆரஞ்சை உரிக்கலாம்’ என்று முழு வாக்கியமாகத் திருப்பித் தாருங்கள். ‘என்ன பண்றேன் சொல்லு’ என்று கேட்பதும் வேண்டாம். அந்தக் கேள்விக்குக் குழந்தை பொருளின் பெயரைத்தான் சொல்லும், அல்லது வாயை மூடிக்கொள்ளும். ‘இப்ப எதை உரிக்கலாம்?’ என்று கேளுங்கள். பெயரைச் சொல்வது அவனுக்கு எளிது, வினையும் கூடவே காதில் ஏறிவிடும்.

வாய் சொல்லாததால் புரியவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. ‘திற’ என்று சொல்லும் குழந்தைக்கு ‘உரி’ கேட்டால் புரியும் நிலை ஏற்கனவே வந்திருக்கலாம். சோதிப்பது எளிது. ஒரு ஆரஞ்சையும் மூடிய சிறு டப்பாவையும் இரண்டு கைக்கும் சம தூரத்தில் வையுங்கள். உங்கள் பார்வை அவன் முகத்தில் இருக்கட்டும், கை மடியில் இருக்கட்டும். ‘உரி’ என்று மட்டும் சொல்லுங்கள். இடத்தை மாற்றி வைத்து ‘திற’ என்று சொல்லுங்கள். வேறு வேறு நாளில் நான்கைந்து முறை செய்து, பெரும்பாலும் சரியாக எடுத்தால், சொல் உள்ளே போய்விட்டது, வெளியே வர நேரம் எடுக்கிறது. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, கேட்பவரின் கண் சரியான பொருளின் மேல் போய்விடுவது. குழந்தை சொல்லைக் கேட்காமல் உங்கள் கண்ணையே படித்துவிடும்.

கண்ணால் காண முடியாத வினைகளைக் குழந்தை எப்படிப் பிடிக்கும் என்ற ஐயம் வரலாம். பார்வையற்ற குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா லாண்டாவும் லைலா கிளைட்மனும் 1985இல் எழுதியதைச் சொல்கிறேன். பிறவியிலிருந்தே பார்வையில்லாத மூன்று வயதுச் சிறுமியிடம் ‘மேலே பார்’ என்றால் அவள் முகத்தை நிமிர்த்தவில்லை, கைகளை மேலே உயர்த்தினாள். ‘தொடு, ஆனால் பார்க்காதே’ என்றால் லேசாகத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். ‘பார்’ என்றபோது கையால் முழுக்கத் தடவி ஆராய்ந்தாள். காட்சியே இல்லாத இடத்திலும் தொடுவது வேறு, பார்ப்பது வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ‘தொட்டுப் பார்’ என்று நாம் சொல்வதில் இருக்கும் ‘பார்’ அதுதான். நினை, தெரியும் போன்றவற்றுக்குத் தமிழ் வாக்கியம் தரும் துப்பு ‘ன்னு’. ‘அப்பா வந்துட்டாங்கன்னு நினைச்சேன்’ – ஒரு முழு வாக்கியத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் வினை ஓடுவதாகவோ உரிப்பதாகவோ இருக்க முடியாது. கதை சொல்லும்போது ‘நரி என்ன நினைச்சுது? காக்கா பாடும்னு நினைச்சுது’ என்று இந்த அமைப்பை வேண்டுமென்றே கொண்டுவாருங்கள். மூன்று வயதை நெருங்கும்போது பலன் தெரியும்.

எப்போது மருத்துவ உதவி தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 24 மாதத்தில் எல்லா மொழியும் சேர்த்து 50 சொற்களுக்குக் குறைவாக இருந்தாலோ, ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டாலோ காட்ட வேண்டும். எண்ணும்போது பிடி ஒன்று, ஹிடி ஒன்று, இரண்டும் கணக்கில் வரும். உங்கள் மகன் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டான். இரண்டு சொல் சேர்க்கிறானா என்று பாருங்கள். கைசாடை இல்லாமல் சொன்ன எளிய கட்டளை புரியாதது, முன்பு சொன்ன சொற்கள் மறைந்துபோவது ஆகிய இரண்டும் இந்த வயதில் காத்திருக்கக் கூடாதவை. முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை, அதிலும் அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பேச்சு, செவித்திறன் பிரிவு இருக்கிறது. மைசூரில் இதற்கென்றே அகில இந்திய நிறுவனம் இருக்கிறது. காட்டும்போது வீட்டில் எத்தனை மொழி, யார் எதில் பேசுகிறார்கள் என்பதை எழுதியே கொண்டுபோங்கள்; ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் சொற்கள் குறைவாகத் தெரியும்.

மூன்று வயதை ஒட்டி வேறு வகைப் பிழைகள் தொடங்கும். நாற்காலி மேல் நின்றுகொண்டு ‘என்னை இறங்கு’ என்பான். பொம்மையை மடியில் போட்டு ‘பாப்பாவைத் தூங்குறேன்’ என்பான். ஆங்கிலக் குழந்தைகள் சிரிப்பு மூட்டாதே என்பதற்கு ‘என்னைச் சிரிக்காதே’ என்ற அமைப்பில் சொல்வதைப் பவர்மன் 1970களிலேயே எழுதியிருக்கிறார். இதுவரை வராத பிழை அப்போது ஏன் வருகிறது என்று பதற வேண்டாம். இரண்டு பெயர் இருந்தால் ஒருவர் மற்றவரைச் செய்யவைக்கிறார் என்ற கணக்கு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. இறங்கு இறக்கு ஆக வேண்டும், தூங்குக்குப் பின்னால் வை வர வேண்டும் என்பது மட்டும் பாக்கி. ‘இறக்கணுமா? வா, உன்னை இறக்கிவிடுறேன். இதோ, நீ இறங்கிட்ட’ என்று இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே தரையில் விடுங்கள்.